அடக்கமான மூக்குள்ள கெண்டி

"இந்தக் கெண்டியோட மூக்கு கொஞ்சம் திமிரா இருக்கே?"

ஹெஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் குபீரென்று சிரித்தது.

கடைக்காரராக நடித்த டெஸ்மண்ட், அட்டையில் செய்த அலமாரியிலிருந்து அடுத்த தேநீர்க் கெண்டியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இதைப் பாருங்கம்மா. ரொம்ப அடக்கமான மூக்கு."

"அடக்கமா? நடிக்குது."

மறுபடியும் சிரிப்பு. அந்த லண்டன் தொலைக்காட்சி ஸ்டூடியோவில் அன்றைக்கு ஒரு பெஞ்சுகூடக் காலியில்லை.

இத்தனை வருஷமாக அந்த நகைச்சுவை நிகழ்ச்சியில் ஹெஸ்டருக்குக் கிடைத்ததெல்லாம் தட்டு ஏந்தும் பணிப்பெண், ஊசி போடும் நர்ஸ். கடைக்காரர் உயிரை எடுக்கும் இந்தப் பெண்ணாகக்கூட டெஸ்மண்ட்தான் கவுன் மாட்டிக்கொண்டு வருவதாக இருந்தது. அவள் கெஞ்சி, பிறகு சண்டை போட்டு அந்த வேஷத்தை வாங்கியிருந்தாள்.

"ஆம்பளை பொம்பளை வேஷம் போட்டாத்தான் ஜனங்க சிரிப்பாங்க. பொம்பளையே பொம்பளையா வந்து நின்னா எவன் சிரிப்பான்?" என்று தயாரிப்பாளர் லயனல் காலையில்கூடச் சொன்னார். எடுபடாவிட்டால் அடுத்த வாரம் பழையபடி தட்டுதான்.

எடுபட்டுவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒருத்தியைத் தவிர.

பழுப்புக் கோட்டு. மடியில் கைப்பை. அதை இறுகப் பிடித்த இரண்டு கைகள். பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார், அவளுக்கோ உதடுகூட அசையவில்லை.

ஹெஸ்டர் அவளிடமிருந்து கண்ணை விலக்கி அடுத்த கெண்டியைக் கேட்டாள்.

மேசைமேல் கெண்டிகள் குவிந்துகொண்டே போயின. ஒன்றின் பிடியைத் தொட்டால் வியர்த்த கையைக் குலுக்குகிற மாதிரி இருக்கிறதாம். இன்னொன்றைப் பார்த்தாலே தெரிகிறதாம், அது ரகசியமாகக் காபி குடிக்கிற கெண்டி என்று.

இனி முடிவுதான் பாக்கி. பொறுமையிழந்த கடைக்காரர் துடைப்பத்தை ஓங்க வேண்டும். அவள் தொப்பி கழன்று விழ, அலறிக்கொண்டு தெருவுக்கு ஓட வேண்டும். எழுதிக் கொடுத்தது அப்படித்தான். ஒத்திகையில் எல்லாரும் அதிகமாகச் சிரித்த இடமும் அதுதான்.

டெஸ்மண்ட் துடைப்பத்தை ஓங்கினான்.

ஹெஸ்டர் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். ஓட மனம் வரவில்லை.

ஓரமாகக் கிடந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். துடைப்பத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுவும் விக்கிறதுக்கா? காம்பு கோணலா இருக்கே. நல்லதா ஒண்ணு எடுத்துக்கிட்டு வாங்க தம்பி. நான் இருக்கேன், அவசரமில்ல."

டெஸ்மண்ட் ஓங்கிய துடைப்பத்தை இறக்கினான். இதற்கு அவனிடம் வசனமே இல்லை. கடைசியில், "சரிங்கம்மா" என்று முனகிக்கொண்டு, நிஜக் கடைக்காரனைப் போலவே துடைப்பத்தோடு உள்ளே போய்விட்டான்.

சிரிப்பில் ஸ்டூடியோவே அதிர்ந்தது. கேமராக்காரர்கள்கூடக் குலுங்கினார்கள். மேலே கண்ணாடி அறையில் லயனல் எழுந்து நின்று கைதட்டினார்.

மூன்றாவது வரிசைக்காரி தலையைப் பின்னால் சாய்த்து, கைப்பை தரையில் விழுந்ததுகூடத் தெரியாமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

படப்பிடிப்பு முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் நேராக அந்த அட்டைக் கடைக்குள் வந்தாள். தடுக்க வந்த ஆள் என்ன நினைத்தானோ, ஒதுங்கி வழிவிட்டான். மேசையிலிருந்த கெண்டி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பிடிச்சுதாம்மா?" என்றாள் ஹெஸ்டர்.

"ஜோரா இருந்துச்சுடி. ஆனா மூடியைத் திருப்பிப் பாக்க மறந்துட்டியே. எந்தக் கடைக்குப் போனாலும் நான் மொதல்ல மூடியைத்தானே பாப்பேன்?"

அம்மா கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, மகளின் கோணல் தொப்பியை நேராக்கினாள்.

"உனக்கெங்க தெரியும்? நீதான் எங்கூட வர்றப்பல்லாம் வெக்கப்பட்டுத் தரையையே பாத்துக்கிட்டு நிப்பியே."