வேர்க்காதவன்

மெடிக்கல் கேம்ப் என்று நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து கோதண்டத்துக்குச் சோறு இறங்கவில்லை. பிபி இருக்கிறவனைப் பிரஸ் மெஷினில் நிற்க விடமாட்டார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு வேறு வேலையும் தரமாட்டார்கள்.

அந்த ஒரகடம் கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயரே 'பிபி'. மற்றவர்களுக்கு நெற்றி நனையும்போது அவர் சட்டையைப் பிழியலாம். ஒருநாளாவது டாக்டரிடம் போய்ப் பார்த்தாரா என்றால், இல்லை. நிறைய வேர்த்தால் பிபிதான் என்று ஊர் சொன்னதை நம்பி, தனக்கு வியாதி என்று தானே முடிவு கட்டிவிட்டார் மனுஷர்.

பக்கத்து மெஷின் இசக்கியப்பன்தான் வழி சொன்னான். திருநெல்வேலிப் பையன், எந்தச் சூட்டிலும் ஒரு சொட்டு வேர்க்காது. கேம்பில் முகத்தைப் பார்ப்பதில்லை, டோக்கன் நம்பரைத்தான் எழுதுகிறார்கள், நாம் இருவரும் டோக்கனை மாற்றிக்கொண்டு போகலாம் என்றான்.

"அப்போ உன் வேலை பூடுமேடா?"

"எனக்கு வயசு இருக்கு அண்ணாச்சி. வேற கம்பெனி பாத்துக்கிடுவேன். நாப்பத்தெட்டு வயசுல உங்கள யாரு எடுப்பா?"

கோதண்டம் வெட்கத்தை விட்டு அவன் டோக்கனை வாங்கிக்கொண்டார்.

கேம்பில் நர்ஸ் பிரவீனா கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நூத்தி இருபதுக்கு எண்பது. நார்மல்" என்றாள்.

"நல்லா பாரும்மா. எப்படி வேர்த்துகினு கீது பாரு."

அவள் இன்னொரு தடவையும் பார்த்தாள். சிலருக்கு வேர்ப்பது உடல்வாகு, பிபியோ பலபேருக்கு ஒரு அறிகுறியும் காட்டாமல் உள்ளேயே இருக்கும் என்று விளக்கினாள். தன்னால் பையனின் வேலை போகவில்லை என்ற நிம்மதியில் கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் சூப்பர்வைசர் பட்டியல் ஒட்டினார். கோதண்டத்தின் டோக்கனுக்கு நேராக 210/120. நாளையிலிருந்து வரவேண்டாம்.

அது யார் கையில் பார்த்த கணக்கு என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும், வேலை போனது அவர் நினைவிலேயே இல்லை. மயங்கி மெஷினுக்குள் விழுந்தால் அந்தப் பையன் என்னாவான் என்று பதறி ஓடினார்.

கம்பெனி பஸ்ஸில் ஏறப்போன இசக்கியப்பனைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"டேய், பிபி உனக்குத்தான்டா. இருநூத்திப் பத்து. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா."

அவன் தலை நிமிரவில்லை.

"மூணு மாசமா எனக்குத் தெரியும் அண்ணாச்சி. வேர்க்கிறதெல்லாம் பிபி இல்லன்னு மாத்திரை குடுத்த டாக்டர் சொன்னாரு. அதனாலதான் உங்க டோக்கனக் கேட்டேன்."