கழுத்துப் பட்டை

ஒரகடம் பார்சல் கிடங்கில் வேலை செய்பவர்கள் தைராய்டு ஹார்மோனைக் கூட்டும் பட்டையைக் கழுத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கை வேகமாக ஓடும். மூன்று வருடம் ஒட்டியிருந்த சங்கவிக்கு, மகளைத் தூக்கும்போது மணிக்கட்டு முறிந்தது.

“வயசு முப்பத்திரண்டுதான். எலும்பு எழுபது வயசுக்காரங்களது மாதிரி மெலிஞ்சிருக்கு. ஹார்மோன் அளவுக்கு மீறினா எலும்பு கரையும்மா,” என்றார் டாக்டர்.

சங்கவி பட்டையை அங்கேயே உரித்துப் போட்டாள். வேலையும் போயிற்று.

மாவுக்கட்டுப் பிரித்த அன்று அவள் தரையில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டாள்.

“இதழினி, வா, மடியில உக்காரு.”

ஐந்து வயது இதழினி கிட்டே வந்து நின்றுவிட்டாள்.

“வேணாம்மா. நீ உடைஞ்சிடுவ.”

பக்கத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அம்மாவின் துப்பட்டா நுனியை மட்டும் பிடித்துக்கொண்டாள்.