தொட்டால் நகரும் சட்டை

தொழிற்சாலையில் தீப்பிடித்து இன்று மூன்றாம் நாள். உணவுக்கூடத்து மேசையில் அகலமான தொடுதிரை ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்து படங்கள் வெளிறித் தெரிகின்றன. திரையோரம் நிற்கும் புரோகிராமர் எழுதிய, படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டும் ஸ்லைடு பெட்டிதான் ஓடுகிறது. எந்த வலைப்பக்கத்திலும் ஒரே வரியில் செருகிவிடலாம். முதலில் ஒரு சோபா கடையின் வலைப்பக்கத்துக்காகச் செய்தது. விரல் பட்டால் போதும், அடுத்த படம் வழுக்கிக்கொண்டு வரும். அந்த வழுக்கலுக்காக இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டான். இன்று அதே பெட்டிக்குள், அடையாளம் தெரியாத உடல்களோடு கிடைத்த பொருள்கள். கைக்கடிகாரம் வருகிறது, போகிறது. பாதி உருகிய செருப்பு வருகிறது, போகிறது. மகனைத் தேடி வந்திருக்கும் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையசைக்கிறாள். பின்னால் நிற்கும் மருமகள் படத்தைப் பார்க்கவில்லை, அந்தத் தலையைத்தான் பார்க்கிறாள். பதினோராவதாக, ஓரம் கருகிய கட்டம் போட்ட சட்டை. நீலப் பொத்தான்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் வெள்ளை. தலை அசையவில்லை. "இது நான் தச்சு விட்டது. நீலம் கிடைக்கலன்னு..." அம்மாவின் விரல் நீண்டு அந்தப் பொத்தானைத் தடவுகிறது. சட்டை வழுக்கிக்கொண்டு போய், யாருடையதோ ஒரு சாவிக்கொத்து வந்து நிற்கிறது. "ஐயோ, எங்க போச்சுப்பா? எடுத்துக் குடு தம்பி." அவன் சட்டையைத் திரும்பக் கொண்டுவருகிறான். விரலும் திரும்ப வருகிறது. மறுபடி சாவிக்கொத்து. இரண்டாம் முறையும் சட்டையைக் கொண்டுவந்துவிட்டு அவன் தொண்டையைச் செருமுகிறான். "தொடாமப் பாருங்கம்மா." அவள் அந்தக் கையை மடிக்கு இழுத்து, இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.