வீட்டுச் சொல்

மாணவியர் விடுதி வாசலில் முத்துச்செல்வியின் தாய்மாமன் நின்றுகொண்டிருந்தார். போனில் யார் கூப்பிட்டாலும் அவள் நம்பாததால், கோவில்பட்டியிலிருந்து ஆளே கிளம்பி வர வேண்டியதாயிற்று. அதற்குள் அவளுடைய அப்பாவை எரித்தாகிவிட்டது.

செய்தி கேட்டுப் பேராசிரியை ஹெலன் ஓடி வந்தார். யாருடைய குரலையும் முகத்தையும் எவரும் போலியாகச் செய்துவிட முடிகிற காலம் அது. எதை நம்புவது என்று கற்றுத்தருவதுதான் ஹெலனின் வேலை. வீட்டில் ரகசியமாக ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சொல்லாதவர் அம்மாவே ஆனாலும் நம்பாதீர்கள் என்பது அவருடைய முதல் பாடம்.

முத்துச்செல்வியின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும் அம்மா போன் செய்திருக்கிறாள். மகள் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறாள். பதற்றத்தில் அம்மாவுக்கு அது நினைவுக்கு வரவில்லை. அழத்தான் முடிந்தது.

"'நல்லா நடிக்கிற, வேற வீட்டப் பாரு'ன்னு வச்சுட்டா டீச்சர்," என்றார் மாமன்.

"நான்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன்," என்றார் ஹெலன்.

"உங்களக் குத்தம் சொல்ல வரல. எங்க தெருவுலயே இப்படி அழுது பேசி, ஒரு வீட்டு நகை பூராத்தையும் வாங்கிட்டுப் போயிட்டானுங்க. நீங்க சொல்லிக் குடுத்தது சரிதான். இவ அம்மா, எந் தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா. சின்னவளும் அடுத்த வருசம் காலேஜுக்கு வருதால்ல... அழுற நேரத்துல அந்தச் சொல்ல எப்படி ஞாபகம் வச்சுக்கிறதாம்?"

ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டுமே என்று, ஹெலனின் முகத்தையே பார்த்தபடி நின்றார்.