துப்பும் கிண்ணம்

'ஒருமுறை வாயில் வைத்தவர் துப்பமாட்டார்' என்று அந்த ஷாம்பெயின் பெட்டியில் பொன்னெழுத்தில் பெருமையடித்திருந்தார்கள். அது உண்மைதானா என்று சொல்லத்தான் ஓட்டலுக்குத் தணிகாசலத்தை வரவழைத்திருந்தார்கள். மதுவைச் சுவைத்து, துப்பி, தரம் சொல்வது அவன் தொழில். குடியை விடுவதாகக் கோயிலில் கயிறு கட்டப் போனபோது இந்தத் தொழிலைக் கேட்டுப் பூசாரியே தயங்கினார். மனைவி செண்பகம்தான் கெஞ்சினாள்: "வாயில வெக்கிறது பொழப்புக்கு சாமி. உள்ள எறங்காது. அதுக்கு நான் பொறுப்பு."

இப்போது அந்த ஷாம்பெயினில் ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினான். துப்பும் கிண்ணத்தின்மேல் குனிந்தபோது வாயில் ஒன்றுமில்லை. எப்போது விழுங்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை. நெஞ்சுக்குள் குளிர்ந்து இறங்குவதைச் செண்பகம் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது. வெறும் எச்சிலைத் துப்பிவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"சொன்ன மாதிரி இருக்கா சார்?" என்று கேட்டார் ஓட்டல் மேலாளர் ரெஜினா.

மணிக்கட்டுக் கயிற்றைச் சட்டைக் கைக்குள் தள்ளினான். "எல்லாம் விளம்பரம்தாம்மா. தாராளமா துப்பலாம்."

சொல்லிவிட்டு, எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று கோப்பையை நீட்டினான். நீட்டிய கையில் கயிறு மறுபடியும் வெளியே வந்திருந்தது.