கல்யாண நடை

எத்தனை தட்டியும் சாந்தினி ஓடவில்லை. அதே கல்யாண நடைதான்.

குதிரை ஓடினால் மேலே இருக்கும் மாப்பிள்ளை விழுவான் என்று குட்டியிலேயே அவள் ஓட்டத்தை அடக்கிப் பழக்கியவர்கள் ஜாபரும் அமீரும்தான். இப்போது ஜாபர் தன் தலையில் அடித்துக்கொண்டான்.

எர்ணாவூரில் வந்த போன் அப்படி. பேசியது அமீரின் மச்சான் காலித்.

“அமீர் மச்சான் மவுத்தாயிட்டாரு பாய். மத்தியானம் லுஹர் தொழுதுட்டு எடுத்துருவோம். மூஞ்சியப் பாக்கணும்னா சீக்கரமா வந்துரு.”

எனக்காகக் காத்திருங்கள் என்று சொல்ல ஜாபர் என்ன அண்ணனா, தம்பியா? பதினைந்து வருடம் ஒரே கடிவாளத்தை மாற்றி மாற்றிப் பிடித்த தோஸ்து, அவ்வளவுதான்.

ராயபுரம் இன்னும் பத்து கிலோமீட்டர். கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோவும் நகரவில்லை. நகர்ந்தாலும் நடுரோட்டில் குதிரையை யாரிடம் விடுவது?

கல்யாணச் சவாரி முடிந்து திரும்ப அவர்கள் மினி லாரி வைத்ததே கிடையாது. ஆளுக்குக் கொஞ்ச தூரம் குதிரைமேல், கொஞ்ச தூரம் நடை. கடல் காற்று, கண்ட இடத்தில் டீ, முடிவே இல்லாத வெட்டிப் பேச்சு. காட்டுப்பள்ளியிலிருந்து வர அரை நாள் ஆகும். ஆனாலும் அதற்குள் வீடு வந்துவிட்டதே என்றிருக்கும். நேற்றுதான் நெஞ்சு ஒருமாதிரி இருக்கிறதென்று அமீர் பஸ் ஏறிவிட்டான்.

ஜரிகைத் துணியும் குஞ்சமுமாக வந்த சாந்தினிக்கு லாரிக்காரர்கள் கையசைத்தார்கள். மாப்பிள்ளை எங்கே என்று ஒருவன் சிரித்தபடி கேட்டான். அத்தனை அலங்காரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு ஜாபரால் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை.

தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

தெருமுனையில் திரும்பும்போது அமீரைக் கிடத்திய சந்தூக்கு எதிரே வந்தது. முகம் மூடியாகிவிட்டது. மையித்தைத் தூக்கிவிட்டால் தாமதிக்கக் கூடாது, விரைந்து கொண்டுபோக வேண்டும் என்பது முறை. சுமந்தவர்கள் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள்.

ஜாபர் குதித்திறங்கி, தெரிந்த கடைக்காரர் கையில் கடிவாளத்தைத் திணித்துவிட்டு ஓடிப்போய்த் தோள் கொடுத்தான். அவர்கள் வேகத்துக்குக் கால் பின்னியது.

“கொஞ்சம் மெதுவா போங்கப்பா” என்றான்.

யாரும் காதில் வாங்கவில்லை. முப்பது அடிகூடப் போயிருக்க மாட்டான், தோள் மாற்ற அடுத்த ஆள் வந்துவிட்டார்.