முதல் ட்ரஸ்கட்டுக்குப் பக்கத்து இடம்

"செத்தவங்க விஷயத்துல நாங்க ரொம்பக் கண்டிப்பு," என்றார் கார்னீலியா ட்ரஸ்கட். மாசசூசெட்ஸில் முதன்முதலாகக் கப்பலில் வந்திறங்கிய ட்ரஸ்கட்டின் வாரிசுகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. அந்தக் குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் ரத்த சொந்தங்களுக்கு மட்டுமே இடம்.

இறந்துபோன அம்மாவுக்கு அங்கே இடம் கேட்டு வந்திருந்தாள் லோரீன் பீல்.

"எங்கம்மாவும் அந்த ரத்தம்தான் மேடம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆதாரம்?"

லோரீன் பழைய ஞானஸ்நானப் பதிவைத் தேடிக் கொண்டுவந்தாள்.

"இது வேலைக்காரி வழியால்ல இருக்கு! குழந்தைக்கு அப்பா பேரே காணோம்."

"பேரைச் சொல்ற தைரியம் உங்க முப்பாட்டனாருக்கு இல்லையே மேடம்."

கார்னீலியா மரபணு பார்க்க எச்சில் பரிசோதனை கேட்டார். லோரீன் சோதனைக் குழாயில் துப்பினாள். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே துப்பினாள். இருவருக்கும் ஒரே ரத்தம் என்று முடிவு வந்தது.

எலுமிச்சையைக் கடித்த முகத்தோடு கார்னீலியா சொன்னார்: "சரி, உங்கம்மாவுக்கு இடம் உண்டு. ஓரமா, வேலிப் பக்கம். குழி தோண்ட ஆளை எப்ப வரச்சொல்ல?"

"வேண்டாம். அம்மா போன மே மாசமே அங்க குடிவந்தாச்சு."

"எங்க?"

"முதல் ட்ரஸ்கட்டுக்குப் பக்கத்துல. எல்லாரும் கல்லறைக்குப் பூ வைக்கிற நினைவு நாளன்னிக்கு நான் ஜெரேனியம் பூச்செடி நட்டப்ப, 'அழகா இருக்கு'ன்னு நீங்களே தண்ணி ஊத்தினீங்க. அதுக்கடியில இருக்கிறது அம்மாவோட சாம்பல்."

கார்னீலியா நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "அப்புறம் எதுக்குடி அனுமதி கேட்டு இத்தனை அலைஞ்சே?"

"பேர் வெட்டின கல்லு வைக்கத்தான். அதை மண்ணுக்குள்ள ஒளிச்சு வைக்க முடியாதே, அக்கா!"